பூபாலன் சார், கவுண்டர் ஏழுக்கு வரவும்

மே 4, ஞாயிறு

இந்த டைரி அரிசி மூட்டையோடு இலவசமாக வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைக்காரன் ஒரு வாசகம் அச்சடித்திருக்கிறான். இன்றைய வாசகம்: "வாங்க, வாங்க, மகிழ்ச்சி பொங்கும்!" முதல் வாங்க வரவேற்பு, இரண்டாவது வாங்க வியாபாரம் என்று அப்பா விளக்கினார். கடைக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன்.

கடையின் பெயர் பூரிப்பு ஹைப்பர் மார்ட். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மூன்று தளம், முந்நூறு டிராலி, பாதி நாள் வெறும் படிக்கட்டாகவே கிடக்கும் ஒரு எஸ்கலேட்டர். நான் 'பூரி' என்றுதான் சொல்வேன். வெளியே உப்பல், உள்ளே காற்று.

அங்கேதான் என் அக்கா எப்சிபா வேலை பார்க்கிறாள். மைக் வேலை. "அன்பான வாடிக்கையாளர்களே" என்று கூரையிலிருந்து ஒரு குரல் தேன் சொட்டச் சொட்ட வருமே, அது அவள்தான். அதே குரல் வீட்டில், "ஏட்டி கெசியா, என் சார்ஜரைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்கும். அப்போது தேன் எங்கே போகிறதோ தெரியாது.

கெசியா நான்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். ரிசல்ட் வரும்வரை எனக்கு இரண்டு வேலை. மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, மிச்ச நேரம் ஊரைத் திருத்துவது. இன்று முன்னறையில் மாட்டியிருக்கும் குடும்பப் போட்டோவில் அக்காவுக்குக் கீழே '1 வாங்கினால்' என்றும், எனக்குக் கீழே '1 இலவசம்' என்றும் கடை ஸ்டிக்கரை ஒட்டினேன். அம்மா முதுகில் நாலு வைத்தாள். அவையும் இலவசம்.

மே 6, செவ்வாய்

அக்காவுக்கு இன்று வார விடுமுறை. அதனால் ஒரு ரகசியம் எழுதுகிறேன். டைரிக்குப் பூட்டு கிடையாது. என் கையெழுத்தே பூட்டு.

அக்கா பாட்டு செய்கிறாள். பாடுவது இல்லை, செய்வது. பூரியில் கிடைக்கிற சத்தங்களை போனில் பிடித்துவந்து, லேப்டாப்பில் வெட்டி, அடுக்கி, ஓடவிடுவாள். பில் போடும்போது வரும் 'பீப்' அவளுக்கு ஜால்ரா. பில் கிழிகிற 'சர்ர்' அவளுக்கு உறுமி. அரிசி மூட்டை விழுகிற 'தொம்' அவளுக்கு முரசு. கோயிலில் வேண்டாமென்று தள்ளிய பழைய கீபோர்டில் பாதிக் கட்டைதான் வேலை செய்யும். அந்தப் பாதியிலிருந்து ஒரு நீளமான இழுவையை எடுத்து அடியில் விரிப்பாள். அம்மா எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். மகள் ஹெட்போன் மாட்டி ஏதோ ஆபீஸ் வேலை பார்க்கிறாள் என்று நினைப்பு.

இன்டர்நெட்டில் அவள் பெயர் 'மீண்டும் வருக'. பின்தொடர்கிறவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் நான்.

இன்று புதிதாக ஒன்றை முடித்து என் காதில் மாட்டினாள். முதல் ஒரு நிமிஷம் பூரியின் வழக்கமான விளம்பரப் பாட்டேதான். சரி, ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் ஃப்ளோர் மேனேஜர் ஆசீர் சாரின் குரல் வந்தது. தினமும் காலை ஊழியர்களை வரிசையில் நிறுத்தி அவர் சொல்வது: "நாம எல்லாம் ஒரே குடும்பம்." அடுத்த தடவை "ஒரே குடும்பம்". அப்புறம் "குடும்பம், குடும்பம்". அப்புறம் முன்னாலும் பின்னாலும் அரிந்துவிட்டாள். "டும்ப, டும்ப, டும், டும், டும்." ஆசீர் சார் ஒரு டிரம் ஆகிவிட்டார்! அவர் மேல் பீப்பும் சர்ரும் ஏற ஏற, அதற்கு மேல் அக்காவின் தேன் குரல்:

"பூபாலன் சார், கவுண்டர் ஏழுக்கு வரவும்."

இதற்கு விளக்கம் வேண்டும். பூபாலன் என்று கடையில் யாரும் கிடையாது. அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே யாரோ திருடுகிறான் என்று அர்த்தம், செக்யூரிட்டி ஓட வேண்டும். "கங்கா மேடம்" என்றால் ஏதோ கொட்டிவிட்டது, துடைப்பத்தோடு ஓட வேண்டும். "கதிரவன் சார்" என்றால் பெரிய அதிகாரி வந்திருக்கிறார், எல்லோரும் நிமிர்ந்து நின்று சிரிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பேசிக்கொள்ள இந்தப் பெயர்கள். கேட்ட பத்து நொடிக்குள் அசையாவிட்டால் மெமோ. அக்கா அந்த மூன்று பெயரையும் தாளத்துக்குள் தூவியிருக்கிறாள். கேட்டால் சிரிப்பு வருகிறது, கால் ஆடுகிறது, முடியும்போது ஏனோ அந்தச் சிரிப்பு நின்றும்விடுகிறது. ஒரே பாட்டில் இத்தனையும் எப்படி வைத்தாள்?

"எப்படிட்டி இருக்கு?" என்றாள்.

"சுமார்" என்றேன். பாராட்டினால் சார்ஜர் கிடைக்காது.

மே 8, வியாழன்

சாப்பாட்டுப் பையோடு போனபோது எண்ணெய்ப் பிரிவில் செண்பகக்கா பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு அங்கே ரொம்பப் பிடித்தவர். நாற்பது வயது இருக்கும். ஸ்டிக்கர் கதையை அக்கா சொல்லியிருக்கிறாள் போல.

"ஏ இலவசம், வா. உங்கக்கா இன்னும் பசியோட 'அன்பான வாடிக்கையாளர்களே'ன்னுட்டு நிக்கா."

"நீங்க சாப்டாச்சாக்கா?"

"நின்னுக்கிட்டே ரெண்டு வாய். உக்காந்தா எந்திரிக்கத் தோணாதுல்லா."

அவர் கால் நரம்பெல்லாம் முருங்கைக்காய் மாதிரி புடைத்திருக்கிறது. காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறார். மாடிப்படி அருகே பத்து ஸ்டூல் இருக்கின்றன, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். ஊழியர் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அதற்காக வாங்கியது. சட்டப்படி ஸ்டூல் இருக்கிறது, கடைப்படி உட்காரக் கூடாது.

அப்புறம், பென்டிரைவ் பற்றி. கடையின் ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பென்டிரைவ் கொடுத்தார்கள், பூரி வடிவத்தில். கடையில் ஓடும் பாட்டெல்லாம் அப்படி ஒன்றில் இருக்கிறது. அக்காவின் பாட்டெல்லாம் இன்னொன்றில். மாறிவிடக் கூடாதென்று அக்காவுடையதில் நான் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். என் பொறுப்புணர்ச்சியை யாரும் பாராட்டுவதில்லை.

மே 10, சனி

மாறிவிட்டது.

கடைப் பென்டிரைவில் புது அறிவிப்புகள் ஏற்றுவதற்காக அக்கா நேற்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். காலையில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். சாப்பாட்டோடு கொண்டுவரச் சொல்லி போன். கொண்டுபோனேன். இரண்டும் மஞ்சள், இரண்டும் உருண்டை. அவசரத்தில் யாருக்கு என்ன தெரியும்? அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

அக்கா அதை மாட்டினாள். வழக்கமான விளம்பரப் பாட்டு வந்தது. திருப்தியாக டிஃபன் பாக்ஸைத் திறந்தாள். நான் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன், சும்மா.

ஒரு நிமிஷம் கழித்து, அறுபத்து நாலு ஸ்பீக்கரிலும், மூன்று தளத்திலும்: "நாம எல்லாம் ஒரே குடும்பம்."

சனிக்கிழமைக் கூட்டம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டும், டும்" வந்தபோது ஒரு குழந்தை மட்டும் டிராலிக்குள் ஆடியது. அப்புறம், "பூபாலன் சார், கவுண்டர் ஏழுக்கு வரவும்."

மூன்று மூலையிலிருந்து மூன்று செக்யூரிட்டி அண்ணன்கள் ஓடிவந்தார்கள். கவுண்டர் ஏழில் ஒரு தாத்தா பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றார்கள். "கங்கா மேடம், தரைத்தளம்." நாலு பேர் துடைப்பத்தோடு ஓடிவந்து காய்ந்த தரையைத் துடைத்தார்கள். "கதிரவன் சார்." கடையில் நின்றிருந்த நூற்றுப் பத்து ஊழியர்களும் அப்படியே நிமிர்ந்து சிரித்தார்கள். "பூபாலன் சார், பூபாலன் சார், பூ, பூ, பூபாலன்." மறுபடி ஓட்டம். நாலாவது தடவையும் ஓடினார்கள். ஓடாவிட்டால் மெமோ அல்லவா? ஓட்டம், துடைப்பு, சிரிப்பு, ஓட்டம். தாளம் பிசகவே இல்லை. ஆறு மாதம் ஒத்திகை பார்த்தாலும் வராத ஆட்டம்! ஜனங்கள் டிராலியை விட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் செண்பகக்கா எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பார்க்க அழகாக இருந்தது.

நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். அக்கா உடனே பென்டிரைவை உருவுவாள் என்று நினைத்தேன். சோற்றுக் கையோடு ஓடிவந்தாள், இடது கையை அதன் மேல் வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் ஹெட்போனுக்குள் இருந்த பாட்டு, முதல் தடவையாக ஒரு பெரிய இடத்தில் அவளுக்குக் கேட்கிறது. கண் மூடியிருந்தது. கடைசி 'டும்' வரை அவள் கை அசையவில்லை.

அப்போது ஆசீர் சார் வந்து நின்றார்.

மே 12, திங்கள்

விசாரணை. "இது யார் வேலை?" என்று ஆசீர் சார். "என் வேலைதான் சார். பென்டிரைவ் மாறிட்டு" என்று அக்கா. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என் குரலை வெச்சு டும் டும்முன்னு அடிச்சிருக்கீயே எப்சிபா. இதான் மரியாதையா?"

"உங்க குரல்தான் சார் அதுல நல்லாருந்துச்சு."

அவர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தாராம். அப்புறம், "தலைமை அலுவலகத்துக்கு எழுதுதேன். அவிய பாத்துக்கிடுவாவ" என்றாராம். வேலை போனது போலத்தான்.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். தலைப்பு: 'பூரிக்குள்ள பூகம்பம்'. இரண்டு நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மே 13, செவ்வாய்

சென்னையிலிருந்து வர்ஷினி மேடம் என்று ஒருவர் போன் செய்தார். கடைக்குப் பேர் வளர்ப்பதுதான் அவர் வேலையாம். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா அவரைக்காயை நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணத் தயாரானாள்.

"எப்சிபா! எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு தெரியுமா! ஃபேமிலி, ஃபேமிலின்னு அந்த பீட்! நம்ம கம்பெனி வேல்யூவை இவ்ளோ அழகா யாருமே சொன்னதில்ல. சேர்மன் மூணு தடவை பாத்தார்."

அக்கா போனையே பார்த்தாள். கிண்டல் செய்தால் கோபப்படுவார்கள் என்று தெரியும். கும்பிடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"இதை எவ்ரி சாட்டர்டே பண்ணலாம். நீங்க ஒரு சின்ன பேப்பர்ல சைன் பண்ணணும், பாட்டு கம்பெனியோடதுன்னு."

வேலை போகவில்லை. அம்மா இரண்டு வேளை ஜெபத்தை ஒன்றாக முடித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

மே 14, புதன்

செண்பகக்கா இன்று கடையில் இல்லை.

மே 15, வியாழன்

சென்னையில் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் ஒரு ஊழியர் வேலை நேரத்தில், கோடு போட்ட பச்சைச் சேலையில், எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. "கதிரவன் சார்" என்றபோதும் எழுந்திருக்கவில்லை. கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். பதினொரு வருஷம்.

அக்கா சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

வீடியோ எடுத்தவர்கள் அதையெல்லாம் யோசித்து எடுத்திருக்க மாட்டார்கள்.

மே 16, வெள்ளி

ரிசல்ட். ஐநூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. அப்பா கடைக்குப் போய் சேமியா வாங்கிவந்தார். அம்மா பாயசம் வைத்தாள். நான் தொடவில்லை.

மே 20, செவ்வாய்

விடுமுறை நாள். அக்கா லேப்டாப்பைத் திறக்கவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினாள். அம்மாவே கேட்டுவிட்டாள், "ஆபீஸ் வேலை இல்லியாட்டி?"

"இல்லம்மா. முடிஞ்சிட்டு."

சென்னைப் பேப்பர் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதன் மேல் தக்காளி.

நான் குறும்பு செய்தால் சரியாகிவிடும் என்று தக்காளிக்கு 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' ஸ்டிக்கர் ஒட்டினேன். பார்த்தாள். தக்காளியை எடுத்து ரசத்துக்குப் போட்டாள், ஸ்டிக்கரைக் கிள்ளிவிட்டு.

அவள் பாட்டெல்லாவற்றையும் இன்று முதலிலிருந்து கேட்டேன். பதினேழு பாட்டு. போனில் வரும் காத்திருப்பு இசையை வைத்துச் செய்த ஒன்றில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண் நூறு தடவை சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு நூல் அளவு களைப்படைகிறது. நூறாவது தடவை அவளை யாராவது வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்களா என்று இருக்கிறது. இதை நான் முன்பு வெறும் கிண்டல் என்றுதான் கேட்டிருந்தேன். அக்கா கடையைக் கிண்டல் செய்கிறாள், கடைக்குள் நிற்கிறவர்களை ஒரு இடத்திலும் செய்யவில்லை. வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மே 21, புதன்

'பூரிக்குள்ள பூகம்பம்' வீடியோ இன்டர்நெட்டில் காணோம். போட்டவர்களே அழித்துவிட்டார்கள் போல. பிரயோஜனமில்லை. அதற்குள் ஆயிரம் பேர் இறக்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

மே 24, சனி

மேலப்பாளையம் பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து செண்பகக்கா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் என்னென்னவோ ஜோடித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"ஏ இலவசம்! என்னட்டி தனியா?"

"அக்கா, பென்டிரைவை நான்தான் மாத்துனேன். வேணும்னே. வீடியோ எடுத்ததும் நான்தான். போட்டதும் நான்தான்."

இதோ, டைரியிலும் எழுதிவிட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தப் பாட்டு?"

"எப்சி அக்கா செஞ்சது."

"அவளா!" வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷத்துல அந்தக் கடையில நான் கேட்ட ஒரே நல்ல பாட்டுட்டி. அதான் உக்காந்து கேட்டேன். மாட்டிக்கிட்டேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "அழாத. கோவம் இருக்கு. ஒரு ஃபிரேமு தள்ளி எடுத்திருக்கக் கூடாதா நீ?" என்றார். இப்போது ஒரு தையல் கடையில் இருக்கிறாராம். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. "இப்ப இடுப்பு வலிக்கு. அங்க நிக்கவே விட்டாவ, இங்க எந்திரிக்கவே விடமாட்டேங்காவ."

டீ கொடுத்தார். என் டீயில் சர்க்கரை போடவில்லை. கேட்கத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. செண்பகக்கா அந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்டதை மட்டும், அவர் சொன்ன அதே வார்த்தையில்.

"உக்காந்து கேட்டேன்னா சொன்னாவ?"

"ஆமா."

அக்கா ஃப்ரிட்ஜ் மேலிருந்து பேப்பரை எடுத்து, தக்காளிக் கறையைத் துடைத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

மே 27, செவ்வாய்

லேப்டாப் திறந்துவிட்டது. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. சாப்பாட்டை நான் வாயில் ஊட்டினேன், கையை எடுக்க மாட்டேன் என்றதால். நாலு நிமிஷப் பாட்டு இருபத்து நாலு நிமிஷமாக வளர்ந்திருக்கிறது. என்ன சேர்த்தாள் என்று கேட்டால், "பொறுட்டி" என்கிறாள்.

மே 30, வெள்ளி

வர்ஷினி மேடம் நேரில் வந்துவிட்டார். அக்காவின் மைக் அறை கண்ணாடிக் கூண்டு. நான் டிஃபன் பையோடு உள்ளே ஓரமாக நின்றேன். மேடம் கையில் பேப்பர், ஆசீர் சார் கையில் பேனா.

"கையெழுத்து போடுதேன் மேடம். பாட்டு கம்பெனிக்கே. என் பேரும் போட வேண்டாம். ஒரு வரி மட்டும் சேக்கணும்."

"என்ன?"

"வெட்டக் கூடாது. சனிக்கிழமைதோறும், கடை நேரத்துல, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் முழுசாப் போடணும்."

மேடம் சிரித்தார். "ஆர்ட்டிஸ்ட்! ஓகே, ஓகே. பட் ட்வென்டி ஃபோர் மினிட்ஸ்?"

"நாலு நிமிஷம் ஆட்டம். அப்புறம் மெதுவா இருக்கும் மேடம். ஜனங்க நிதானமாச் சுத்திப் பாப்பாங்க."

நிதானமாகச் சுற்றிப் பார்ப்பது என்றதும் மேடத்தின் முகம் மலர்ந்தது. பாட்டின் வரிகளை அச்சடித்த தாளைப் புரட்டினார். "செண்பகம் மேடம்... இது யாரு, புதுசா?"

ஆசீர் சார் நிமிர்ந்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

"பூபாலன் மாதிரிதான் மேடம். அப்படி யாரும் இங்க இல்ல."

மேடம் அந்த வரியைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டாள். 'மீண்டும் வருக' இனிமேல் கம்பெனியின் சொத்து. ஆசீர் சார் பேனாவை வாங்கிச் சட்டையில் செருகிக்கொண்டு போனார். அவர் வாயைத் திறந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டில் அக்கா அந்த இன்டர்நெட் பக்கத்தை அழித்தாள். பதினேழு பாட்டும் போய்விட்டது. "மத்ததையும் ஏன் அழிக்கே?" என்றேன். "பேருக்குக் கீழ இருக்கற எல்லாமும்னு எழுதியிருக்கு. படிச்சுப் பாத்துத்தான் போட்டேன்" என்றாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அவள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிளஸ் ஒன். புது டீச்சரிடம் என் பெயர் பூபாலன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

கடையில் ஒரு செய்தி வாய் வழியாகப் பரவியிருக்கிறது. சாப்பாட்டு வரிசையில், துணி மாற்றும் அறையில், லிஃப்டில். நூற்றுப் பத்து பேருக்கும் தெரியும். மேனேஜர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

செண்பகக்காவுக்கு நானே போன் பண்ணினேன். "சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வாங்க."

"எனக்கென்னட்டி அங்க?"

"ஏதாவது வாங்க வாங்க."

"திருந்தவே மாட்டியா நீ?"

ஜூன் 7, சனி

சேர்மன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை முடி, பின்னால் மூன்று கேமரா. வர்ஷினி மேடம் தரைத்தளத்தின் நடுவில் அவரை நிறுத்தினார். ஜனங்கள் போனைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தார்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு கண்ணாடிக் கூண்டுக்குள் அக்காவிடம் போய் நின்றேன்.

முதல் நாலு நிமிஷம் பழைய ஆட்டம். பூபாலன், கங்கா, கதிரவன். கடை குலுங்கியது. சேர்மன் குழந்தை மாதிரி கைதட்டினார். அப்புறம் தாளம் மெல்ல இறங்கியது. டும்முக்கும் டும்முக்கும் நடுவில் இடம் விழுந்தது. பீப் ஒவ்வொன்றாக அணைந்தது. அந்த அரைக் கீபோர்டின் இழுவை மட்டும் தரையோடு தரையாகப் பரவ, அக்காவின் குரல். தேன் இல்லாத, வீட்டுக் குரல்.

"செண்பகம் மேடம், தரைத்தளம்."

எண்ணெய்ப் பிரிவில் இருந்த மூன்று பெண்கள் உட்கார்ந்தார்கள்.

"செண்பகம் மேடம், முதல் தளம். செண்பகம் மேடம், இரண்டாம் தளம்."

பில் கவுண்டரில் உட்கார்ந்தார்கள். சேலைப் பிரிவில் ஜமுக்காளத்து மேல் உட்கார்ந்தார்கள். செக்யூரிட்டி அண்ணன்கள் மூன்று பேரும் கவுண்டர் ஏழின் மேடையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாடிப்படிப் பக்கம் யாரோ பாலிதீன் உறையைக் கிழித்தார்கள். அந்தச் சத்தம் பாட்டுக்குள் அத்தனை பொருத்தமாக விழுந்தது.

"செண்பகம் மேடம், எல்லாத் தளங்களும்."

நின்றுகொண்டிருந்தது வாடிக்கையாளர்கள் மட்டும்தான். அவர்கள் நடுவில், கையில் கூடையோடு, அதே பச்சைச் சேலையில் செண்பகக்கா. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் பெயர் எங்கிருந்து வருகிறதென்று. ஒரு பெண் தன் ஸ்டூலில் பாதியைத் தட்டிக் காட்டினாள். போய் உட்கார்ந்தார்.

"பிரமாதம்!" என்றார் சேர்மன். "எவ்வளவு இயல்பா நடிக்கிறாங்க பாருங்க. நிஜமாவே களைச்சுப் போன மாதிரியே இருக்கு!"

ஆசீர் சார் எங்கள் கூண்டை நோக்கி வேகமாக வந்தார். அக்கா கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள். அவர் சேர்மனைத் திரும்பிப் பார்த்தார், கேமராக்களைப் பார்த்தார். இதை நிறுத்த வேண்டுமானால், இது நடிப்பில்லை என்று சேர்மனிடம் சொல்ல வேண்டும். பாதி வழியில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதைக் கையால் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஆம்ப்ளிஃபயரின் குமிழ் பழசு, இந்த வாரம் தளர்ந்துவிட்டது, கையை எடுத்தால் சத்தம் தானாக இறங்கிவிடுமாம். காலையிலிருந்து நிற்கிறவள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"யக்கா" என்றேன். "பென்டிரைவை நான்தான் மாத்துனேன். வீடியோவும் நான்தான்."

"சிவப்புப் புள்ளி வெச்சவ நீதான. தெரியாமலா?" அவள் திரும்பவில்லை. "வீடியோ தெரியாது." குமிழை ஒரு நூல் கூட்டினாள். "செண்பகக்காட்ட சொன்னியா?"

"மொதல்ல அவங்ககிட்டத்தான் சொன்னேன்."

தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்தாளா இல்லையா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடப் பையைக் கீழே வைத்தேன். அவள் விரலுக்குப் பக்கத்தில் என் விரலை வைத்து, குமிழை இறுகப் பிடித்தேன்.

"விடு. நான் பிடிச்சுக்கிடுதேன். உக்காரு."

"சத்தம் இறங்கிரும்ட்டி."

"இறங்காது."

அக்கா கையை எடுத்தாள். சத்தம் இறங்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்துத் தன் பாட்டைக் கேட்க ஆரம்பித்தாள். இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது. நான் நின்றேன்.